படிமெலிவு

கலைச்சொல் குழுவில் அவருக்குச் 'சொல்தச்சர்' என்று பட்டப்பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் கோபம் வந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

மருந்தைச் சட்டென்று நிறுத்தாமல் அளவை இறக்கிக்கொண்டே வருவதை டாக்டர்கள் 'டேப்பர்' என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மருந்துத்தாளுக்காக அதைத் தமிழாக்கும் வேலை அவரிடம் வந்தது. உடனே சொல்லின் பூர்வீகத்தைத் தோண்ட உட்கார்ந்துவிட்டார். ஆதியில் அது மெல்லிய மெழுகுவர்த்தியின் பெயராம். பிறகு நுனி நோக்கி மெலியும் எதற்கும் ஆகி, கடைசியில் மாத்திரைக்கும் வந்து சேர்ந்ததாம். மனிதர் சொக்கிப்போனார்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தல்னு போட்டாப் போதாதா?" என்றார் குழுவில் ஒருவர்.

"அது விளக்கம் சார், சொல் இல்ல" என்று அவர் வாயை அடைத்துவிட்டு, 'படிமெலிவு' என்று ஒன்றைச் செய்தார். படிப்படியாக மெலிவது. என்ன கச்சிதம்! அவருக்குத் தலைகால் புரியவில்லை.

அச்சாகி வந்த முதல் தாளை அக்காவிடம்தான் கொடுத்தார். வீட்டுவேலை செய்து அவரைப் படிக்கவைத்தவள் அவள். மூட்டுவலிக்குப் பல வருடமாக, அப்படிச் சட்டென்று நிறுத்தக் கூடாத ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்குகிறவளும்கூட. பிறகொரு நாள், "இனிமே நிறுத்திடலாம்மா, எப்படின்னு தாள்ல இருக்கு" என்று டாக்டர் அவசரத்தில் அனுப்பிவிட்டார். தாளில் இருந்தது இது: 'உரிய படிமெலிவுக்குப் பின்னரே மருந்தை நிறுத்துக.'

அக்கா மறுநாளே நிறுத்திவிட்டாள். வாந்தி, மயக்கம், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில். இன்றைக்குத் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாக்கா?"

"'நிறுத்துக' மட்டும்தான்டா புரிஞ்சுது." அவளுக்கு மூச்சு வாங்கியது. "என் தம்பி எழுதினதுன்னு தெரு முழுக்கக் காட்டியிருக்கேன். எனக்கே புரியலன்னு உங்கிட்ட எப்படிடா சொல்றது? உன் முகம் வாடிப்போயிடுமே."

அவருக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

பக்கத்துக் கட்டில்காரரின் மகள் அதே தாளை நீட்டினாள். "சார், படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இது என்னன்னு சொல்லுங்களேன்."

"மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்மா. திடீர்னு நிறுத்தக் கூடாது."

"இவ்வளவுதானா! இதை இப்படியே எழுதித் தொலைக்கறதுக்கு என்ன? எந்த மகராசன் எழுதினானோ!"

அக்கா கண்ணைத் திறக்காமலே துழாவி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "எனக்குத்தான் படிப்பு இல்ல."

அக்கா கடைசியாகப் பேசியது அதுதான்.