மேட்டுக்குள் கிடந்த குப்பி

பழம்பொருள் என்றால் உயிரை விடும் ஆம்ப்ரோஸ் டிட்கோம் பாதிரியாருக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்திலேயே பெரிய, பழங்காலப் புதைமேட்டை, தொல்பொருள் சங்கத்தார் அத்தனை பேர் கண்ணெதிரே தோண்டுகிறார். நல்லபடியாக முடிந்தால் மாலைத் தேர்தலில் தலைவர் பதவி அவருக்கு. சொதப்பினால் கர்னல் பிரேஸ்வெல்லுக்கு.

ஆறடியில் கூலியாட்கள் மண்வெட்டியை நிறுத்த, பாதிரியாரே குழிக்குள் இறங்கினார். தாழி இருந்தது, சுக்குநூறாக. முன்பே எவனோ தோண்டி, கடப்பாரையால் ஒரு போடு போட்டிருக்கிறான்.

"எந்தக் காட்டுமிராண்டி பார்த்த வேலை இது! பேரு மட்டும் கிடைக்கட்டும், நம்ம சங்க இதழ்ல போட்டு நாறடிக்கிறேன்!"

"கிடைக்காம எங்க போகும், பாதிரியாரே?" மேலே கர்னல் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தார். "தோண்டினவன் பேரெழுதி குப்பியில போட்டுட்டுப் போறதுதானே நம்ம வழக்கம்?"

குப்பி இருந்தது. சீட்டை உருவிய பாதிரியாருக்கு வியர்த்துவிட்டது. 'குறிப்பிடும்படி எதுவுமில்லை. மழை. ஆ. டிட்கோம், 1829.'

முப்பத்திரண்டு வருடமாகிறது. அந்தக் கோடையில் ஒரே வாரத்தில் ஒன்பது மேடு தோண்டினார். எதையென்று நினைவு வைத்துக்கொள்வார், பாவம்!

மனைவி லவீனியா குடையோடு குழிக்குள் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "என்னங்க, முழியே சரியில்லையே. உங்க சீட்டா?"

"ஆமா. பையில போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்குங்க. ஆனா இனிமே ஒருத்தரையும் காட்டுமிராண்டின்னு திட்டக் கூடாது. முடியுமா உங்களால?"

அது அவரால் ஆகிற காரியமா? காலடியில் கிடந்த ஒரு தாழித் துண்டை எடுத்தார். சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் யாரோ நகத்தால் அழுத்திப் போட்ட கோலம், இன்னும் அழியாமல் இருந்தது. இதைப் போய் எதுவுமில்லை என்று எழுதியிருக்கிறோமே என்று அவமானமாக இருந்தது. தொண்டையைச் செருமி, பெயர், வருடம் உட்பட சீட்டை உரக்கப் படித்தார்.

கர்னல் கோழிக்காலைக் கீழே வைத்தார்.

"நேர்மையான மனுஷன். தலைவரா இவரையே போட்டுடலாம், எனக்குச் சம்மதம். என்ன, நாளைக்குத் தோண்டறதா இருந்த வடக்கு மேட்டை மட்டும் விட்டுடலாம்."

"ஏன் கர்னல்," என்றாள் லவீனியா, "அதுல உங்க குப்பி இருக்கா?"

கர்னல் அவசரமாகக் கோழிக்காலை மறுபடி எடுத்துக்கொண்டார். சங்கத்தார் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில், மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார்கள்.