பின்னால் கேட்ட சத்தம்

கிடங்கில் எல்லாரும் அவனை ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் சிமெண்ட் மூட்டை சுமந்த முதுகு, சும்மா நடக்கும்போதும் மேலே ஏதோ இருப்பதுபோல வளைந்தே இருக்கும். எதிரே யார் வந்தாலும் முதலில் காலைப் பார்ப்பான், அப்புறம்தான் முகம்.

முதுகில் மூட்டை ஏறிவிட்டால் காலுக்கு முன்னால் இரண்டு அடி தரையைத் தவிர எதுவும் தெரியாது. காதுதான் கண். அதனால் அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பின்னாலிருந்து யாராவது கத்தினால், சுமக்கிறவன் யோசிக்கக் கூடாது. மூட்டையை இடப்பக்கம் விட்டுவிட்டு வலப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். வெறுங்கையோடு எதிரே வருகிறவன் சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொள்ள வேண்டும். அடுக்கு சரிகிற நேரத்தில் திரும்பிப் பார்த்தவன் பிழைத்ததில்லை. ஆகவே உள்ளே யாரும் வீணாகக் கத்த மாட்டார்கள். சண்டை வந்தால்கூடக் காதோடு காதாகத்தான் திட்டிக்கொள்வார்கள். மேஸ்திரி தும்முவதற்கே வெளியே போவார்.

இதெல்லாம் போலீசுக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை காலை, லாரி பாதி இறங்கியிருந்தது. ஒட்டகம் மூட்டையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டியின் தம்பி, அதே கிடங்கில் சுமக்கிறவன், மூட்டையை அடுக்கிவிட்டு எதிரே வந்துகொண்டிருந்தான். தடதடவென்று காலடி. பின்னால், "ஏய், நில்லு" என்று ஒரு சத்தம். ஒட்டகத்தின் கை தானாக விட்டது. கால் தானாக ஒதுங்கியது. மூட்டை விழுந்து வெடித்த புழுதியில் யூனிஃபார்மும் சாம்பல், கந்தல் சட்டையும் சாம்பல். யார் எவர் என்று தெரியவில்லை. புழுதிக்குள்ளிருந்து "மச்சான்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

திருட்டுச் சாமானோடு எவனோ அங்கே பதுங்கியிருப்பதாகப் போலீசுக்குத் தகவல் வந்ததாம். தேடினார்கள். எவனும் இல்லை. மச்சினனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. இனி மூட்டை தூக்குவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

மறுநாள் காலை பெண்டாட்டி கேரியரில் தம்பிக்குச் சாப்பாடு கட்டினாள். அடுக்கு அடுக்காக மூடினாள். இவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன் கால்ல மூட்டையைப் போட்டது யாரு?"

"நான்தான் விட்டேன். ஆனா..."

"ஆனான்னா?"

ராத்திரி முழுக்க அந்த ஆனாவோடுதான் புரண்டு படுத்திருந்தான்.

"எய்தவன் இருக்க அம்பை நோகக் கூடாதும்பாங்க," என்றாள் அவள். "நீங்க அம்பா, எய்தவனா, அதைச் சொல்லுங்க முதல்ல. அது தெரியாம என் தம்பி முகத்துல எப்படி முழிப்பீங்க?"

முழித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மச்சினன் மாவுக்கட்டோடு படுத்திருந்தான்.

"வாங்க மச்சான். நேத்து சிமெண்டு, இன்னிக்கு மாவு. இன்னும் ஓடுதான் பாக்கி. போட்டா வீடாயிடுவேன்."

ஒட்டகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "மாப்ள, சத்தம் உனக்குக் கேக்கலையா? ஏன் சுவத்துல ஒட்டலை?"

"ஒட்டத்தான் போனேன். சுவத்தோரமா ஒரு போலீஸ்காரர் நின்னாரு. அசையாதேன்னாரு. சரின்னு நின்னுட்டேன்."

"எங்க நின்னே?"

"அவர் சொன்ன இடத்துல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்களுக்கு இடப்பக்கம்," என்றான்.

நேற்றுவரை கத்தினவன் ஒருத்தன்தான் என்று ஒட்டகம் நினைத்திருந்தான். இப்போது நிற்கச் சொன்னவன் ஒருத்தன். தகவல் சொன்னவன் ஒருத்தன். இவர்களுக்கு நடுவில் மூட்டையை விட்ட கை மட்டும் தன்னுடையது. விடாமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தான். இருபத்திரண்டு வருடம் அந்தக் கை விட்டதால்தான் உயிரோடு இருக்கிறோம் என்றும் நினைத்தான். இரண்டும் சரியாகவே பட்டது.

"சாப்பாடு எங்க மச்சான்?" என்றான் மச்சினன். கேரியர் இவன் கையிலேயே இருந்தது. கொடுக்கப் போனான். அதற்குள் நர்ஸ் வந்து, ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும், மத்தியானம்வரை எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஸ்டேஷனுக்கு வேறு வரச் சொல்லியிருந்தார்கள். கேரியரோடே போனான்.

ஸ்டேஷனில் ரைட்டர் காகிதத்தைத் தயாராக எழுதி வைத்திருந்தார். "படிச்சுட்டு கையெழுத்துப் போடு."

எழுத்துக் கூட்டிப் படித்தான். வேலை செய்யும்போது மூட்டை தவறி விழுந்து காயம் ஏற்பட்டது என்று இருந்தது. போலீஸ் வந்ததே அதில் இல்லை.

"தவறி விழலைங்க. என் மூட்டை எதுவும் இதுவரைக்கும் தவறினதில்ல. நான் விட்டேன்."

ரைட்டர் பேனாவை மூடினார். "யோவ், உன் நல்லதுக்குத்தான் தவறின்னு போட்டிருக்கேன். விட்டேன்னா கேஸ் உன் மேல வரும். புரியுதா?"

"புரியுதுங்க. ஆனா கத்தினதால விட்டேன். கத்தினா விடணும், அது எங்க வழக்கம்."

"யார் கத்தினா?"

"தெரியலைங்க. குனிஞ்சிருந்தேன்."

"சத்தத்தைக் கூட்டிட்டு வந்து கூண்டுல ஏத்தட்டுமா?"

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஒட்டகம் அவர்கள் காலைப் பார்த்தான். நாலு ஜோடி பூட்ஸ். நாலின் தையலிலும் சிமெண்ட் இறுகியிருந்தது. ஒன்றில் மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"எல்லாரையும் கேட்டாச்சு," என்றார் ரைட்டர், குரலைக் கொஞ்சம் இறக்கி. "யாரும் கத்தலைங்கறாங்க. நீயும் தெரியலைங்கற. நான் என்னத்தைய்யா எழுதறது? போடு கையெழுத்தை."

பேனாவை எடுத்தான். போட்டால் வேலை முடிந்தது. மூட்டை தானாக விழுந்தது, கால் தானாக முறிந்தது. பெண்டாட்டி கேட்டால் யாருமில்லை என்று சொல்லலாம். பொய்யென்றும் சொல்ல முடியாது, மெய்யென்றும் சொல்ல முடியாது. பேனாவை வைத்துவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுட்டு வரேங்க," என்று கேரியரை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

ரைட்டர் காகிதத்தோடு எழுந்து வேகமாக வந்து அவன் இடப்பக்கம் சேர்ந்துகொண்டார். "இதுல யோசிக்க என்னய்யா இருக்கு..."

"ஏய், நில்லு."

பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். ஒட்டகத்தின் கை விட்டது. கால் வலப்பக்கம் ஒதுங்கியது. மூன்றடுக்குக் கேரியர் நேராக ரைட்டரின் பாதத்தில் இறங்கியது.

சோறும் குழம்பும் தரையெல்லாம். ரைட்டர் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே திரும்பினார்.

"யாருய்யா கத்தினது?"

பெஞ்சில் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்களைத்தான் கேக்கறேன். யார் கத்தினது?"

ஒட்டகம் குனிந்து சோற்றை அள்ளத் தொடங்கினான். "மன்னிச்சுக்குங்க சார். நான்தான் விட்டேன். வேணும்னு விடலை. ஆனா விட்டது நான்தான்."

ரைட்டர் அவனைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அதன் ஓரத்தில் குழம்பு ஏறியிருந்தது. நொண்டிக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி விரலைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில் பழைய காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, வெள்ளைக் காகிதம் ஒன்றை இழுத்து வைத்தார்.

"வா, உக்காரு. முதல்லேர்ந்து சொல்லு."

ஒட்டகம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் என்றால் எது? தகவலா, காலடியா, சுவரோரம் நின்றவரா? மச்சினன் காலா, தன் கையா?

"சத்தத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டுங்களா சார்?" என்று கேட்டான்.