இடது கன்னம்

"இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டும்மா," என்றார் அத்தா.

ஜஸீலா அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டுக் கைபேசியை நீட்டிப் பிடித்தாள். குவைத்தில் ஏதோ ஓர் அறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் அத்தா மீரா உசேனின் முகம் திரையில் நடுங்கியது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது. அதை வாங்கி, விமானம் பிடித்து, திருச்சியில் இறங்கித் தரங்கம்பாடி வந்து சேர நாளை மதியம் ஆகிவிடும். இங்கே மாலை அஸர் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்று பள்ளிவாசலில் சொல்லியாகிவிட்டது. விடியற்காலை பாலை அடுப்பில் வைத்த அம்மா ஜன்னத் பீவி, அது பொங்குவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். தீய்ந்த பால் வாடை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

"அந்த மச்சத்தக் காட்டும்மா. அது தெரியல."

கை எட்டவில்லை. ஜஸீலா குனிந்து, வெள்ளைத் துணிக்கு நடுவே இருந்த அம்மாவின் முகத்தோடு தன் முகத்தையும் வைத்துக்கொண்டு கைபேசியை மேலே தூக்கினாள். திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் இரண்டு முகங்களும் விழுந்தன. அம்மாவின் இடது கண்ணுக்குக் கீழே இருக்கும் மச்சம் பெட்டிக்குள் வலது கண்ணுக்குக் கீழே இருப்பதுபோல் தெரிந்தது.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள்.

செல்ஃபி கேமரா ஆளைக் கண்ணாடி மாதிரி இடம் மாற்றிக் காட்டும் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். எட்டு வருஷமாக ஆமைப் படங்களோடு மாரடிக்கும் ஜஸீலாவுக்கு மட்டும் மூன்று நாளைக்கு முன்னால் அது தெரியாமல் போயிற்று.

"மையத்து மொகம் பாக்குறவங்க பாத்துக்குங்க, துணிய மூடிக் கட்டப் போறோம்," என்றாள் அனீஸா பெரியம்மா.

இணைப்பு துண்டான பிறகும் ஜஸீலாவின் கை கீழே இறங்கவில்லை. பெரியம்மாதான் கைபேசியை வாங்கி வைத்தாள்.

கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளைக் கன்னத்துச் செதில்களை வைத்து அடையாளம் காண்பது ஜஸீலாவின் வேலை. ஒன்றின் செதில் கோடுகள் இன்னொன்றுக்கு இருக்காது. ஒரே ஆமைக்கும் இடது கன்னம் வேறு, வலது கன்னம் வேறு. புதுப் படம் வந்தால் பழைய படங்களோடு ஒப்பிட்டு, யார் திரும்பி வந்திருக்கிறாள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஆறாம் வகுப்போடு நின்ற அம்மா அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திரைமேல் வைத்து, வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் கோடுகளைப் படியெடுப்பாள். ஆமைக்கு ஒரு தாள்.

"ஸ்கிரீன்ல கீறல் விழும்மா."

"உன் கம்ப்யூட்டர ஒண்ணும் தின்னுட மாட்டேன் போ," என்பாள் அம்மா. "இருவத்தாறு வருஷமா உங்க அத்தாவ போட்டோலதான பாக்குறேன். ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆளா இருப்பாரு. காது, புருவம்னு தேடிப் பாத்து, இவருதான்னு கண்டுபுடிக்கிற பொழப்பு. எனக்குத் தெரியாததா?"

அம்மா நேரில் பார்த்த ஒரே ஆமை, எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜஸீலா இடது கன்னத்தை எடுத்த முதல் படத்துக்காரி. முட்டைக் குழியை மூடும்போது துடுப்பால் வாரியடித்த மணல் அம்மாவின் வாய்க்குள் போய்விட்டது. தூதூ என்று துப்பிக்கொண்டே, "கோவக்காரி! என் மவ மாதிரியே இருக்கா," என்றாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். ஒவ்வொரு பங்குனியிலும் கேட்பாள், "கோவக்காரி வந்தாளா?" வரவேயில்லை. கரையில் செத்து ஒதுங்கும் ஆமைகளில் ஒன்றாகப் போயிருக்கும் என்று ஜஸீலா நினைத்திருந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை.

மூன்று நாளைக்கு முன்னால், குஞ்சு பொரிப்பகக் காவலர் இராஜாங்கம் ஒரு படம் அனுப்பியிருந்தார். தன் முகமும் விழட்டும் என்று ஆமையோடு சேர்ந்து எடுத்த செல்ஃபி. ஜஸீலா அவர் முகத்தை வெட்டிவிட்டு, வலது கன்னம் என்று கோப்பில் போட்டாள். பொருந்தும் ஆமை எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர்.

"இது கோவக்காரிடி," என்றாள் அம்மா. "நான் செல்ஃபி எடுத்தா என் மச்சம் அந்தப் பக்கம் ஓடிப்போவுதுல்ல, அது மாதிரி கன்னம் மாறிக் கெடக்கு."

அறிக்கை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். "கம்ப்யூட்டரே இல்லேங்குது. ஆறாங்கிளாஸோட நின்ன உனக்கு என்னம்மா தெரியும்?"

"சரிம்மா," என்று அம்மா உள்ளே போய்விட்டாள். அதன்பிறகும் மூன்று நாள் பேசினார்கள். மீன் குழம்பு, தம்பி இர்பானுக்குப் பெண் பார்ப்பது, எல்லாம் பேசினார்கள். ஆமைப் பேச்சு மட்டும் வரவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்க மூன்று நாள் தாராளமாகப் போதும். ஜஸீலா கேட்கவில்லை.

இர்பானும் மற்ற ஆண்களும் மையத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். தெருமுனை வரை கலிமா கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பெண்கள் அவரவர் மூலையில் சாய்ந்தார்கள். ஜஸீலா எழுந்து, அலமாரியின் மேலிருந்த பழைய பால்பவுடர் டப்பாவை இறக்கினாள். அத்தா எப்போதோ குவைத்திலிருந்து கொண்டு வந்தது. அதில்தான் அம்மா தாள்களை அடுக்கி வைத்திருந்தாள். முதல் தாள் எப்போதும் கோவக்காரிதான்.

முதல் தாள் கோவக்காரி இல்லை.

ஜஸீலா தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினாள். கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பாளோ? அம்மா கிழிக்கிறவள் இல்லை. அப்படிக் கிழித்திருந்தாலும் தகும் என்று தோன்றியது.

டப்பாவின் அடியில் இரண்டு தாள்கள் சேர்ந்து கிடந்தன. ஒன்று பழுத்துப் போனது, எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. மற்றது மூன்று நாளைக்கு முந்தையது. படம் வரைந்த பக்கங்கள் முகத்தோடு முகம் ஒட்டியிருக்க, இரண்டையும் சேர்த்து அம்மா தன் சேலை ஊக்கைக் குத்தியிருந்தாள்.

ஜன்னலில் சாயங்கால வெயில் இருந்தது. அதற்கு நேரே தாள்களைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணோரச் செதில் கண்ணோரச் செதிலின்மேல் விழுந்தது. அடுத்தது அடுத்ததன்மேல். இரண்டு தாளிலும் இருந்தது ஒரே இடது கன்னம்.

"என்னடி கையில?" என்றாள் பெரியம்மா.

"கோவக்காரி வந்துட்டா, பெரியம்மா."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. எதையோ பிதற்றுகிறாள் என்று எண்ணி, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். ஜஸீலா தரையில் பரப்பியதையெல்லாம் எடுத்து அடுக்கினாள். ஊக்கைக் கழற்றவில்லை. அந்த இரண்டையும் அப்படியே எல்லாவற்றுக்கும் மேலே வைத்து டப்பாவை மூடினாள்.