அன்றாடத்துக்கு ஆகுமா?

மாமாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, அந்தச் சின்ன அறையில் இருந்த இரண்டு நாற்காலிகளிலும் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். மாமா நின்றுகொண்டிருந்தார். சலூனில் முப்பது வருடம் நின்றே பழகியவர், உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டார்.

"எடுத்துட்டா பேச்சு?" என்று கேட்டார். குரல் ஏற்கெனவே கரகரத்துப் போயிருந்தது.

டாக்டர் மேஜை மேலிருந்த பேனாவை எடுத்து, மூடி, திரும்ப வைத்தார். "பேச்சு போயிடும். ஆனா நீங்க இருப்பீங்க" என்றார். பதினோரு நாள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்.

மாமாவைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் கனம் புரியும். அவர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முடிக்காக வரவில்லை, அவர் வாய்க்காக வந்தார்கள். கத்தரி ஒரு பக்கம் ஓடும், கதை ஒரு பக்கம் ஓடும். எதிர்க்கடை தையல்காரர் அவருக்கு 'ரேடியோ' என்று பேர் வைத்திருந்தார். "ரேடியோ இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டுதான் ஆட்கள் படியேறுவார்கள்.

நான் அப்போது ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். விரலால் தொட்டு இயக்கும் போன்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைத்துப் பழசாகிப்போன ஒன்றை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். அன்று மாலையே அதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மாமா, இதுல குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம். வேணுங்கறப்ப தொட்டா நீங்க பேசற மாதிரியே பேசும்."

மாமா அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அக்கா பள்ளிக்கூடச் சீருடைகளுக்குப் பட்டன் தைக்கும் வேலையில் இருந்தாள். மடியில் ஒரு சட்டையை வைத்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே கேட்டாள்: "இது அன்றாடத்துக்கு ஆகுமாடா? இல்ல, வந்தவங்களுக்குக் காட்டிட்டு உள்ள வெக்கிற சாமானா?"

"ஆகும்க்கா" என்றேன். கடையில் வருகிறவர்களுக்குச் சொல்கிற அதே வேகத்தில் சொல்லிவிட்டேன்.

எழுதிக் காட்டலாமே என்று யாராவது கேட்கக்கூடும். கையில் கத்தரி இருக்கும்போது எதில் எழுதுவது? அக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அந்தப் போனில் தமிழைத் தட்டலாம் என்றால், எழுத்துக்குப் பதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் தெரிந்தன. அதனால் குரல் ஒன்றுதான் வழி என்று முடிவு செய்தோம்.

கடை விடுமுறை நாளன்று சமையலறையில் உட்கார்ந்தோம். வெளிச் சத்தம் வராமலிருக்க அக்கா ஜன்னலைச் சாத்தினாள். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்கு என்னென்ன வார்த்தை வேண்டும் என்று நான் ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் கடைக்கு. 'உக்காருங்க.' 'தலையைக் கொஞ்சம் குனிங்க.' 'கிருதா இவ்வளவு போதுமா?' 'கண்ணை மூடிக்குங்க.' 'அசையாதீங்க, கத்தி பட்டுடும்.' ஒவ்வொன்றையும் மாமா கண்ணாடிக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று சொன்னார். அப்புறம் வீட்டுக்கு. 'கொஞ்சம் தண்ணி குடு.' 'கதவைச் சாத்து.' 'கண்ணாடியை எங்கே வெச்சேன்?'

"இவளைத் திட்டறதுக்கு ஒண்ணு வேணும் மாப்ளே. அது இல்லாம எப்படிப் பொழுது போகும்?"

"ஒண்ணும் வேணாம். இத்தனை வருஷம் திட்டினது போதும், கொஞ்ச நாள் வாய்க்கு ஓய்வு குடுங்க" என்று சொல்லிவிட்டு, என்ன சொன்னோம் என்று உறைத்ததும் அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமாதான் பெரிதாகச் சிரித்துச் சமாளித்தார்.

பிறகு மகளுக்கு. பாப்பாவைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரத் தூரம். அப்போது நாலு மாதக் கர்ப்பம். தினமும் சாயங்காலம் போனில் அப்பாவோடு பேசாவிட்டால் அவளுக்கு ஆகாது. மாமா அவளுக்காக, 'சாப்பிட்டியா பாப்பா?' 'எப்ப வர்றே?' 'மாப்பிள்ளை சௌக்கியமா?' என்று மூன்று சொன்னார். முதலாவதைச் சொல்லும்போது அக்காவின் கையிலிருந்து ஒரு தட்டு நழுவி விழ, எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பும் அதிலேயே பதிந்துவிட்டது. அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்றேன். மாமா, "கிடக்கட்டும்" என்றார்.

மொத்தம் அறுபத்து நான்கு. எனக்கு ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது.

"வேற ஏதாவது மாமா? மனசுல இருக்கறது, கஷ்டம் வந்தா சொல்றது, அந்த மாதிரி?"

"அதெல்லாம் அன்றாடம் சொல்றதில்லையே மாப்ளே" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் சட்டைப் பட்டன் அளவுக்கு ஒரு துவாரம். மூச்சு அது வழியாகத்தான். அதன் மேல் அக்கா தைத்துக் கொடுத்த மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்வார். ஒன்றரை மாதம் கழித்துக் கடையைத் திறந்தார். நானும் லீவு போட்டுவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் ஆளாக ஒரு பேங்க் அதிகாரி, பல வருட வாடிக்கையாளர், வந்தார். மாமா போனைத் தொட்டார். 'உக்காருங்க' என்றது. அதிகாரி சிலிர்த்துப்போய், "அப்படியே உங்க குரல்!" என்றார். மாமாவின் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த மலர்ச்சி சவரத்துக்கு நுரை போடும்வரைதான். ஈரக் கையால் தொட்டால் அந்தத் திரைக்கு உணர்வே இல்லை. துடைத்துவிட்டுத் தொடுவதற்குள் திரை அணைந்துவிட்டது. திரும்ப எழுப்பி, பட்டியலை மேலே தள்ளி, கீழே தள்ளித் தேடினார். 'அசையாதீங்க' கிடைப்பதற்குள் அதிகாரி அசைந்துவிட்டார். தாடையோரம் சின்னக் கீறல். மாமா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். காற்றுகூட வாய் வழியாக வரவில்லை. பட்டியலில் அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் சேர்க்கவேயில்லை. முப்பது வருடத்தில் அவர் கத்தி யாரையும் கீறியதில்லை என்பதால் யாருக்கும் அது தோன்றவில்லை.

அதிகாரி, "பரவாயில்லைப்பா, விடு" என்றுதான் சொன்னார். ஆனால் அடுத்த மாதம் அவர் வரவில்லை.

பகல் மூன்று மணிக்கெல்லாம் பேட்டரி தீர்ந்துவிடும். அதன்பிறகு வருகிறவர்களுக்குச் சைகைதான். சில பேர் வேடிக்கைக்கென்றே வந்தார்கள். ஒருவர் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனைக் கேட்டு வாங்கி, 'கண்ணை மூடிக்குங்க', 'கதவைச் சாத்து' என்று மாற்றி மாற்றி அழுத்த விட்டார். கடை முழுக்கச் சிரித்தது. மாமாவும் சிரித்தார். அன்று சாயங்காலம் போனைச் சட்டைப் பைக்குள் போட்டவர், பிறகு கடையில் அதை வெளியே எடுக்கவேயில்லை.

வீட்டில் வேறு மாதிரியான கஷ்டம். ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா சமையலறையில் இருந்தாள். முன்னறையிலிருந்து, 'கொஞ்சம் தண்ணி குடு' என்று மாமாவின் பழைய குரல் கேட்டது. "இதோ வர்றேங்க!" என்று அக்கா உற்சாகமாகக் குரல் கொடுத்துக்கொண்டே சொம்போடு ஓடினாள். வாசற்படியில் நின்றுவிட்டாள். மாமா கழுத்துத் துணியைப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தார். தண்ணீரை வைத்துவிட்டு என்னிடம் வந்தவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஒவ்வொரு தடவையும் ஏமாந்துபோறேன்டா. உள்ளேருந்து கேக்கறப்ப எல்லாம் சரியாயிட்ட மாதிரி இருக்கு. வெளியே வந்து பாத்தா..."

நான்தானே ஆகும் என்று சொன்னவன்.

பாப்பாவுக்கு எட்டாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவின் பழைய பட்டன் போன் அடித்தது. மருமகன் பேசினார். இரண்டு நாளாக வயிற்றில் அசைவில்லை, நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், குழந்தை தங்கவில்லை என்றார். பெண் குழந்தை. அக்கா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். மாமா அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். போனின் அந்தப் பக்கம் குரல் மாறியது. சத்தமாகவே கேட்டது.

"அம்மா, அப்பாகிட்ட குடும்மா."

அக்கா போனை நீட்டினாள். மாமா வாங்கிக் காதில் வைத்தார்.

"அப்பா... அப்பா இருக்கீங்களா? ஏதாவது பேசுங்கப்பா."

மாமா இடது கையால் அந்தப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, வலது கையால் சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். பட்டியல் மேலே ஓடியது, கீழே ஓடியது. அறுபத்து நான்கில் அவர் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். அது அதில் இல்லை என்றும் தெரியும். பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். "அப்பா... அப்பா..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவர் ஒன்றைத் தொட்டார்.

'சாப்பிட்டியா பாப்பா?'

அடுத்து தட்டு விழும் சத்தம். அக்காவின் சிரிப்பு, என் சிரிப்பு, மாமாவின் சிரிப்பு.

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அழுகை நின்றுபோனது. பிறகு பாப்பா சொன்னாள்:

"இன்னும் இல்லப்பா."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. இவராலும் முடியவில்லை. பட்டன் போனைக் கழுத்துத் துவாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டார். உஸ், உஸ் என்று மூச்சு போய் வந்தது. அதை அவள் கேட்டாளா தெரியாது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரென்றும் தெரியாது. அந்தப் பக்கம் யாரோ போனை வாங்கி அணைத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன். "மாமா, அந்த போன்?" என்றேன். அவர் வேண்டாமென்று கையை அசைத்தார். அதை வீட்டு மேஜை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அங்கே நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். பாப்பா யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாளாம். தலைமுடி நாலைந்து நாளாகப் படுக்கையில் புரண்டு சிக்குப் பிடித்துச் சடையாகத் திரண்டிருந்தது. நர்ஸ் வெட்டிவிடலாம் என்றாளாம். மாமா வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, விரலாலும் சீப்பாலும் ஒவ்வொரு இழையாகப் பிரித்திருக்கிறார். மத்தியானம் ஆரம்பித்து விளக்குப் போடும் நேரம்வரை. நடுவில் ஒரு இடத்தில் பாப்பா, "வலிக்குதுப்பா" என்றாளாம். இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு விடாமல் பேசினாளாம். குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பேரைக்கூடச் சொல்லி அழுதாளாம். மாமா கேட்டுக்கொண்டே சீவினார்.

மூன்று வாரம் கழித்து அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பினார்கள். எட்டு மணி நேரமும் பாப்பா அப்பாவின் வலது தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எழுப்பிவிடக் கூடாதென்று மாமா கையை அசைக்கவேயில்லை.

மறுநாள் காலை கடைப்பக்கம் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. மாமா கத்தரியை எடுப்பதும், பஸ்ஸில் மரத்த விரல் இன்னும் சரியாகாமல் அது நழுவுவதும், திரும்ப எடுப்பதுமாக இருந்தார். பிறகு கத்தரியைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. வலது தோளை இடது கையால் மெல்லத் தேய்த்துவிட்டபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, யாரும் வராதபடி வெளிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.