எதிர்ப்பக்கம் மடித்த இலை

இலைக்குத் தலை எது நுனி எது என்றே தெரியவில்லை, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்று ஏறிக் கிடந்து, பூங்காவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் மேசை மேசையாகப் பச்சையாய் ஓடுகிறது, அதன் நடுமுதுகில் சோற்றை வரப்பு மாதிரி நீளக் குவித்துக்கொண்டு போகிறார்கள், இரண்டு பக்கமும் மஞ்சள் பனியன் போட்ட ஜனம் நிற்கிறது, உட்கார நாற்காலி இல்லை, தட்டு இல்லை, கரண்டி இல்லை, யாருடைய இலை எது என்கிற கேள்வியே இல்லை, வடிவு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கை கழுவிய ஈரம் இன்னும் காயவில்லை, எதிரே லிகாயா, லிகாயாவின் தோளோடு தோள் உரசிக்கொண்டு அந்த பெனில்டா. நேற்று வந்தவள். மஸ்கட்டில் முழுசாக ஒரு வெயில்காலம் தாண்டியிருப்பாளா, அதற்குள் இடத்தைப் பிடித்துவிட்டாள், லிகாயாவின் பக்கத்தில் நின்று சாப்பிடுகிறவள் வடிவுதான் என்பது இந்தப் பூங்காவில் மீன் முள்ளுக்குக் காத்திருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும், இவளுக்குத் தெரியாதாமா, தெரியும், எல்லாம் தெரிந்துதான் நிற்கிறாள், வடிவுக்கு வயிறு எரிந்தது, பசியால் இல்லை.

பந்தி அவர்களுடையதுதான், அதை வடிவு மறுக்கவில்லை. பிலிப்பைன்ஸில் ஏதோ ஒரு தீவு, அதில் ஒரு பள்ளிக்கூடம், அங்கே படித்துவிட்டு மஸ்கட்டுக்குப் பிழைக்க வந்த நர்சுகளும் தையல்காரர்களும் ஓட்டல் சமையல்காரர்களும் சேர்ந்து வைத்திருக்கிற பழைய மாணவர் சங்கம், குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் கடற்கரையில் டிக்கெட் போட்டு விருந்து வைப்பார்கள், வருகிறதில் பெரும்பங்கை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், புயலில் பறந்துபோன பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம், பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு, மிச்சத்துக்கு இங்கேயே எஜமானி வீட்டைவிட்டு ஓடிவந்து நிற்கிற வேலைக்காரப் பெண்களுக்கு மாற்றுத்துணியும் சோப்பும். பூடில் ஃபைட் என்று இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர், பெயரிலேயே ஒரு சண்டை இருக்கிறது, பட்டாளத்தில் அதிகாரி சிப்பாய் என்று பார்க்காமல் ஒரே இலையில் கைவைத்துத் தின்ற வழக்கம் என்று லிகாயா சொல்லியிருக்கிறாள், டயாலிசிஸ் பிரிவில் இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, நோயாளி தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு சொன்னாள், அவர் தூங்கவில்லை, எங்களையும் கூப்பிடு என்றார். அந்த வருஷம் இலை கிடைக்காமல் திண்டாடினார்கள். சலாலாவிலிருந்து வாழையிலை வரவழைக்கிற மலையாளத்துக் கடைக்காரரை வடிவுக்குத் தெரியும், கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டுபோய் இறக்கினாள், அன்றிலிருந்து இலைக்கு வடிவு என்று ஆகிவிட்டது, விருந்துக்கு முந்தின சாயங்காலம் லிகாயாவும் அவளும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பார்கள், துடைக்கத் துடைக்க ஊர்க்கதை, இவள் திருநெல்வேலியைச் சொல்லுவாள், அவள் தீவைச் சொல்லுவாள், இரண்டுக்கும் நடுவில் கடல் ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

ஆனால் பாருங்கள், லிகாயாவுக்கு அந்தப் பள்ளிக்கூடம் இருந்தது, வடிவுக்கு லிகாயா மட்டும் இருந்தாள், தராசு எப்படிச் சமமாக நிற்கும். வடிவும் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான், அவளுக்கும் பழைய மாணவிகள் வாட்ஸப் குழு இருக்கிறது, விடிந்தால் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வரும், அவ்வளவுதான், புருஷன் ஆவுடையப்பன் கட்டிடச் சாரத்திலிருந்து விழுந்து உயிருக்குக் கிடந்தபோது ரத்தம் வேண்டும் என்று அதில்கூடப் போட்டுப் பார்த்தாள், இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர்கள் குழுவிலும் போட்டாள், கைகூப்பிய படமாக வந்து விழுந்தது, மஞ்சள் பனியன்கள்தான் நேரில் வந்தார்கள், ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நின்றார்கள், முதல் ஆளாக லிகாயா சட்டைக் கையை மடித்துக்கொண்டு. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஆவுடையப்பன் தன் உடம்பில் பாதி தீவுக்காரன் ரத்தம் என்று எல்லாரிடமும் பெருமை அடித்துக்கொள்வான். அந்த நன்றியை வடிவு மறப்பவளா, மறக்கவில்லை, நன்றி ஒரு பக்கம் கிடந்தது, பொறாமை ஒரு பக்கம் கிடந்தது, ஒன்றை ஒன்று தின்னவும் இல்லை. விடுமுறை நாளெல்லாம் லிகாயா சங்கத்து வேலை என்று போய்விடுவாள், ஊருக்கு அனுப்புகிற ஆளுயரப் பெட்டியில் பழைய துணி அடுக்கப் போவாள், நடன ஒத்திகைக்குப் போவாள், அவர்கள் கடற்கரையில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டே வடிவு வீட்டில் வெண்டைக்காய் நறுக்குவாள், கத்தி பலகையில் விழுகிற சத்தத்தைக் கேட்டு ஆவுடையப்பன் அடுக்களைக்குள் எட்டிப் பார்ப்பான், ஏட்டி, ஒரு பள்ளிக்கூடத்து மேல போயா பொறாமப்படுவாவ. படுவாள், பள்ளிக்கூடத்தின் மேல் படுவாள், அதன் கூரையைத் தூக்கிக்கொண்டு போன புயலின் மேலும் படுவாள், அது மட்டும் அடிக்காமல் இருந்திருந்தால் லிகாயா ஏன் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்கே ஓடப்போகிறாள்.

பொங்கலன்று லிகாயா வடிவின் வீட்டுக்கு வந்தாள், அது எந்தப் பொங்கல், ஆவுடையப்பன் விழுவதற்கு முந்தியதா பிந்தியதா, எல்லாம் ஒன்றாகக் குழம்புகிறது, தரையில் பாய் போட்டு இலை போட்டிருந்தது, லிகாயாவுக்குச் சம்மணம் போட வரவில்லை, காலை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், எனக்கென்று தனி இலையா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள், ரசம் ஓடி மடியில் விழுந்தது, சாப்பிட்டு முடித்து இலையை எந்தப் பக்கம் மடிக்க என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வடிவு சொல்லிக்கொடுத்தாள். மேல் பாதியைத் தன் பக்கமாக மடக்கணும், அப்போதுதான் உறவு நிலைக்கும், திரும்பவும் இந்த வீட்டில் சாப்பிட வருவாய், எதிர்ப்பக்கமாக மடக்கினால் அது சாவு வீட்டு மடிப்பு, இனி இப்படி ஒரு சாப்பாடு வேண்டாம் என்று அர்த்தம். சொல்லும்போதே அப்பாவின் பதினாறாம் நாள் பந்தி கண்முன் வந்துவிட்டது, வடிவு பாவாடை கட்டின பிள்ளை, பாயசம் ருசியாக இருந்ததென்று பழக்கதோஷத்தில் இலையைத் தன் பக்கமாக இழுத்து மடிக்கப் போகிறாள், அத்தை புறங்கையில் ஒரு அடி போடுகிறாள், அந்தப் பக்கம் தள்ளுட்டி மூதி, ஒங்கப்பன் சோறு இன்னொரு தடவ திங்கணுமா, அந்த அடி இப்போதும் சுள்ளென்றது. லிகாயா சிரிக்கவில்லை. இலையைத் தன் பக்கமாக மடித்து, அது விரிந்துவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பெனில்டா வந்த பிறகுதான் லிகாயாவுக்கு இன்னொரு சிரிப்பு இருக்கிறதென்று வடிவுக்குத் தெரிந்தது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களாம், அவர்கள் பாஷையில் அவள் ஒரு சொல் சொன்னால் போதும், லிகாயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவாள், என்ன என்ன என்று வடிவு கேட்டால், அதை இங்கிலீஷில் சொன்னால் சிரிப்பு வராது என்பார்கள், இதைவிட மனுஷியைச் செருப்பால் அடித்திருக்கலாம். இந்த வருஷம் இலை துடைக்கவும் பெனில்டா வந்து உட்கார்ந்தாள், ஆத்துமாத்தமாகத் துடைத்தாள், அதுவும் குற்றம்தான். பொறுத்துக்கொண்டாள் வடிவு, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள், தன்னுடைய முனை ஒன்று இருக்கிறதே என்று. மேசையின் இந்தக் கோடி வடிவின் முனை, அவள் சைவம், மீனும் கோழியும் இறாலும் கருவாடும் ஊர்கோலம் போகிற இலையில் அவளுக்காக ஒரு பாகம் ஒதுங்கியிருக்கும், சுட்ட கத்திரிக்காய், அவித்த வெண்டைக்காய், சர்க்கரைவள்ளி, தக்காளி, அந்தப் பாகத்துக்கும் மீனுக்கும் நடுவில் மாங்காய்த் துண்டுகளை லிகாயா தன் கையாலேயே வேலி மாதிரி வரிசையாக நட்டுவைப்பாள், சங்கத் தலைவியாக ஆன பிறகும், ஆயிரம் பேர் ஆயிரம் பக்கம் கூப்பிட்டாலும், அந்த வேலியை வைக்காமல் அவள் நகர மாட்டாள். இன்றைக்கு வந்து பார்த்தால் வேலியை வைத்துக்கொண்டிருக்கிறது பெனில்டா. ஒரு துண்டு பிசகவில்லை, ஒரு சொட்டு மீன்சாறு இந்தப் பக்கம் தாண்டவில்லை, குற்றம் கண்டுபிடிக்க இடமே வைக்கவில்லை பாவி. யார் உன்னை இதைச் செய்யச் சொன்னது என்று வடிவு கேட்டாள், சாதாரணமாகக் கேட்பதாகத்தான் அவள் நினைப்பு, பெனில்டா வெள்ளையாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள், லிகாயாதான் சொல்லிக்கொடுத்தாள், அடுத்த வருஷம் அவள் இருக்க மாட்டாளே, ஒரேயடியாக ஊருக்குப் போகிறாளே, பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சங்கம் அவளைத்தான் கேட்டிருக்கிறது, வடிவுக்கு இப்படி இப்படி வைக்கவேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் பெனில்டா வடிவின் முகத்தைப் பார்த்தாள். உனக்குச் சொல்லலையா?

சொல்லவில்லை. கூடவே வேலை பார்த்தவளுக்கு, ஒரே டிபன் டப்பாவில் தின்றவளுக்குச் சொல்லவில்லை, நேற்று வந்தவளுக்குச் சொல்லியாயிற்று, வார்டில் நோயாளியை அடுத்த நர்சிடம் ஒப்படைக்கிற மாதிரி இவளை ஒப்படைத்தும் ஆயிற்று, இவளுக்கு உப்பு குறைத்துப் போடு, இவளுக்கு மீன் ஆகாது, பார்த்துக்கொள். யாரோ விசில் ஊதினார்கள், நூறு கைகள் ஒரே சமயத்தில் இலையில் இறங்கின, பாட்டு, சிரிப்பு, எதிரே லிகாயா பெனில்டாவின் காதில் ஏதோ சொல்கிறாள், வடிவு கத்திரிக்காயைப் பிட்டு வாயில் போட்டாள், சக்கையைத் தின்பது மாதிரி இருந்தது, சோற்று வரப்பு நீண்டு நீண்டு கடலுக்குள் போகிறது, அக்கரையில் கூரையில்லாத ஒரு பள்ளிக்கூடம், அதன் வாசலில் லிகாயா கரண்டியோடு நிற்கிறாள், வரிசையில் நிற்கிற பிள்ளைகளுக்கெல்லாம் போடுகிறாள், வடிவும் பாவாடை கட்டிக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறாள், இவள் முறை வரும்போது லிகாயா அடையாளம் தெரியாமல் பார்க்கிறாள், நீ எந்த வகுப்பு. வடிவின் கை தானாகப் போயிற்று, தன் பக்கத்து இலையோரத்தைப் பிடித்துத் தூக்கி, எதிர்ப்பக்கமாக ஒரே தள்ளு, சோறும் கத்திரிக்காயும் மாங்காய் வேலியும் உள்ளே புரள இலை மடங்கி விழுந்தது, பக்கத்தில் நின்ற தையல்காரர் தான் குறிவைத்திருந்த இறால் மூடிப்போனதைப் பார்த்துக் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். பந்தியே எல்லாருக்கும் ஒன்று, இதில் ஒருத்தி மட்டும் இலையை மடிக்கலாமா, மடக்குகிற வழக்கமே அங்கே கிடையாது, இதுவரையில் யாரும் அப்படிச் செய்து அவர்கள் பார்த்ததில்லை, போதும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மற்றவர்கள் அடுத்த இலைக்கு நகர்ந்தார்கள்.

ஒருத்தி மட்டும் நகரவில்லை. லிகாயா இலையைப் பார்த்தாள், பிறகு வடிவைப் பார்த்தாள், அப்போதுதான் வடிவுக்குச் சுரீரென்றது, அட கெடுவாளே, இதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியுமே, சொல்லிக்கொடுத்தவளே நீதானே, கப்பலேறப் போகிறவளுக்குச் சாவு வீட்டு மடிப்பா, கருப்பட்டி மாதிரி இருந்தவளுக்கு, புருஷனுக்கு ரத்தம் கொடுத்தவளுக்கு, ஆத்திரத்தில் இப்படிச் செய்த இந்தக் கை விளங்காமல் போகாதா, இலையைத் திரும்பப் பிரித்துவிடலாமென்று கையை நீட்டினாள். லிகாயாவின் கை முந்திக்கொண்டது. அவள் பிரிக்க விடவில்லை, மடிப்பின் மேல் இரண்டு கையையும் வைத்து, அது விரிந்துவிடாமல் அமுக்கிக்கொண்டாள், பொங்கலன்று அமுக்கினது மாதிரியே, வடிவிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த தமிழில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

வடிவு, நான் இந்தப் பக்கம் நிக்கிறேன். எனக்குச் சரியாத்தான் மடிச்சிருக்க.

வடிவு பார்த்தாள். இவள் பக்கத்திலிருந்து தள்ளின இலை லிகாயாவின் பக்கமாகத்தான் போய் விழுந்திருக்கிறது, அவள் மடியைப் பார்த்து, முறைப்படி, உறவு நிலைக்கிற மடிப்பாக. இத்தனை வருஷம் மாதிரி இன்றைக்கும் பக்கத்தில் நின்று தின்றிருந்தால் இது தெரிந்திருக்காது. பெனில்டாவிடம் சொல்ல முடிந்தது, உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை என்று லிகாயா சொன்னாள், அதை இங்கிலீஷில் சொன்னாள், மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள், கையெல்லாம் மீன். வடிவு போகாதே என்று சொல்லவில்லை, போய்விட்டு வா என்று சொல்லவும் மனசு வரவில்லை, மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி மடிப்பின் இந்தக் கோடியைத் தானும் அமுக்கிக்கொண்டாள். கடற்காற்று இலையின் ஓரத்தைத் தூக்கப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெனில்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன, அவளிடம் என்ன சொன்னாய், இலையை ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தன் பாஷையில் கேட்டாள், பிறகு இங்கிலீஷிலும் கேட்டாள், லிகாயா சிரித்தாள், அதைச் சொன்னால் உனக்குப் புரியாது என்றாள்.