பின்வாசல்

அக்கா நடத்தும் குழந்தைகள் காப்பகத்தைப் பற்றிப் பேப்பரில் வந்திருந்ததைப் படித்த கோபத்தில், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. 'ஏமாற்றிப் பிரிக்கிறார்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஏமாற்றுகிறோமாம்! காலையில் அம்மாக்கள் வந்ததும் அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு சன்னலோரம் போய்ப் பொம்மையை ஆட்டிக் காட்டுவாள். அதற்குள் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக நழுவிவிட வேண்டும். அழுகைச் சத்தமே கேட்காத இடம் என்று எல்லாரும் எங்களை மெச்சியது இதனால்தானே?

"ஒரு பிள்ளையப் பெத்திருந்தா இப்படி எழுதுவாளா அவ? நீ காரசாரமா ஒரு பதில் போடு. இல்ல, நானே போய் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வரேன்" என்று குதித்தேன். அக்காவுக்கும் பிள்ளை இல்லை. சொன்ன பிறகுதான் உறைத்தது. என் வாய்க்கு எப்போதுமே பூட்டுக் கிடையாது.

அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வரியில் விரலை வைத்து என் பக்கம் தள்ளினாள். விளையாடும்போதும் குழந்தைகள் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று இருந்தது.

"இது பொய்யாடி?"

பொய்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். பேப்பரை மடித்து வைத்தேன். நானும் தினம் பார்க்கிறவள்தானே.

எழுதிய பெண்ணுக்கு அக்கா அப்போதே போன் போட்டாள். "நீங்க எழுதினது வலிச்சுது. ஆனா சரி. மாத்திக்கிறோம். ஒருநாள் வந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான். பிறகு பின்வாசலைப் பூட்டினாள். சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒவ்வொரு அம்மாவுக்கும் தகவல் போனது. இருக்கிற பிள்ளைகளும் நின்றுவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை வீடே இரண்டுபட்டது. ஒன்று அழ, அதைப் பார்த்து இன்னொன்று அழ. ஒரு அம்மா, "இது சரிப்படாது" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பியே போய்விட்டாள். கடைசியாக எங்கள் சமத்து வந்தாள். நடக்கப் பழகியதே எங்களிடம்தான், ஒருநாள்கூட அழுததில்லை. புதிதாகச் சேர்க்க வருகிறவர்களுக்கு அவளைத்தான் பெருமையாகக் காட்டுவோம்.

அவள் அம்மா குனிந்து, "அம்மா வேலைக்குப் போறேன். சாயங்காலம் வந்துருவேன்" என்றாள்.

குழந்தை அம்மாவின் வாயையே பார்த்தாள். "அப்ப நேத்து எங்க போனே?"

"நேத்தும் வேலைக்குத்தான்டா."

"அதுக்கு முன்னாடி?"

குழந்தை அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து அழுதாள், பாவி மகள்.

அக்கா அவளை மெல்லப் பிரித்து இடுப்பில் வைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். "அதோ பாரு, அம்மா போறா. டாட்டா சொல்லு." அழுதுகொண்டே குழந்தை கையாட்டினாள். அம்மாவும் திரும்பித் திரும்பிக் கையாட்டிக்கொண்டே போனாள்.

"இங்கேருந்து வளர்ந்து போனதுங்ககிட்டல்லாம், அம்மா எங்க போனான்னு யாருடி போய்ச் சொல்றது?" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல்.

அம்மா தெருமுனையில் திரும்பி மறைந்தாள். குழந்தை கையை இறக்கி, அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். காலித் தெருவைப் பார்த்தபடி அக்கா இன்னும் கையாட்டிக்கொண்டிருந்தாள்.