பாமா மேடம் இன்னும் பாக்கல

ஷ்யாமின் பெயரை வாசித்ததும் முதலில் கைதட்டியது பாமாதான். விருது எதற்காக என்பது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது. அமெரிக்க பம்ப் ஆர்டரில் நடக்கவிருந்த பெரிய தவறு ஒன்றைச் சரியான நேரத்தில் தடுத்த விழிப்புணர்வுக்காக என்று மேனேஜர் உமாசங்கர் ஆங்கிலத்தில் படித்தார். டிசைன் ஹாலில் இருந்த முப்பது பேரும் மேஜைமேல் இருந்த கேக்கைப் பார்த்தபடியே கைதட்டினார்கள். பாமாவின் கைகள் மட்டும் பாதியில் நின்றுபோயின. அந்தத் தவறைச் செய்ததே ஷ்யாம்தான். கண்டுபிடித்தது பாமா. செய்தவனுக்குக் கண்ணாடிக் கோப்பை, கண்டுபிடித்தவளுக்குக் கேக்கில் ஒரு துண்டு, அதுவும் க்ரீம் இல்லாத ஓரத்துண்டு. கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது. தின்றுவிட்டுக் காகிதத் தட்டைக் குப்பைக்கூடையில் போட்டாள்.

பாலாநகரில் அந்த பம்ப் கம்பெனியில் அவள் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் டிப்ளமோ முடித்து, கல்யாணமாகி, ராமசுவாமிக்கு வேலை ஹைதராபாதில் என்பதால் ரயிலேறி வந்தவள். டிராயிங் போர்டும் செட் ஸ்கொயரும் இருந்த காலத்தில் சேர்ந்தாள். இப்போது 2005ல் எல்லாம் கம்ப்யூட்டர். படம் போட வரும் பிள்ளைகள் இரண்டு வருஷம் இருப்பார்கள், பிறகு மாதாப்பூர் பக்கம் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களுக்குச் சம்பளம் பார்த்துப் போய்விடுவார்கள். பாமா மட்டும் ஜன்னலோரத்து மேஜையில் செக்கராகவே இருந்தாள். எந்த டிராயிங்கும் மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குப் போகுமுன் அவள் மேஜைக்கு வரும். ஒரு மஞ்சள் பென்சில், ஒரு சிவப்பு பென்சில். ஒவ்வொரு எண்ணாகக் கணக்குப் போட்டுப் பார்த்து, சரியென்றால் மஞ்சள் தீற்றுவாள். தப்பென்றால் சிவப்பு வட்டம். திருத்தி முடித்து, அவள் மறுபடி பார்த்து, முழுத்தாளும் மஞ்சளான பிறகு, ஷாப்புக்குப் போவது புதிதாக அச்சடித்த சுத்தமான தாள். அதில் அவள் பெயர் கிடையாது. அவள் மாய்ந்து மாய்ந்து பார்த்த மஞ்சள் தாள் ரெக்கார்டு அறைக்குப் போகும். அங்கிருந்து பழைய பேப்பர்காரனிடம் போகிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஷ்யாமின் தவறு சின்னப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான். ஒரு பொருளின் வலப்பக்கத் தோற்றத்தை நாம் படத்தின் இடப்பக்கம் வரைவோம். அமெரிக்காக்காரர்கள் வலப்பக்கமே வரைவார்கள். எந்த முறை என்று சொல்ல மூலையில் கடுகு அளவில் ஒரு குறி இருக்கும். ஷ்யாம் அந்தக் குறியைப் பார்க்காமல் அவர்கள் படத்தை நம் முறையில் படித்துவிட்டான். அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் வெளியேறும் வாய் இடப்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் வந்திருக்கும். நாலு டன் எஃகு, கண்ணாடியில் பார்த்த முகமாகத் திரும்பி நின்றிருக்கும். அவசரமென்று பாமா பார்க்குமுன்னே அதை வார்ப்பு அச்சு செய்கிற மரப்பட்டறைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அதைக் கண்டுபிடித்த பாமா, டப்பாவை மூடிவைத்துவிட்டு, பட்டறைக்கு போன் போட்டு, "ரம்பத்த வைக்காதீங்க" என்று கத்தியதை ஹாலில் பாதிப் பேர் கேட்டார்கள். விருது நாளன்று அந்தப் பாதிப் பேருக்கும் அது மறந்துபோயிருந்தது.

வழக்கமாக அவள் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். அன்று போகவில்லை. சாயங்காலம் உமாசங்கரின் அறைக்குப் போனாள்.

"சார், அந்தத் தப்பக் கண்டுபிடிச்சது நாந்தான்."

"எனக்குத் தெரியாதா பாமா?" உமாசங்கர் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, எல்லாரிடமும் அதே சிரிப்பைச் சிரிப்பவர். "எல்லாம் டீம் எஃபர்ட்தானே. நீங்க சீனியர். சின்னப் பசங்க, ஓடிப்போயிடறாங்க. ஒரு மோட்டிவேஷன் வேணுமில்ல?"

"எனக்கு வேண்டாமா சார்?"

அவர் இருக்கையை இழுத்துப் போட்டு வேறொரு விஷயத்தைச் சொன்னார். புதிய சாஃப்ட்வேர் வந்துவிட்டது, அதுவே தவறுகளைக் காட்டிக்கொடுக்கும். செக்கிங் என்று தனியாக ஒரு மேஜை இனி தேவையில்லை. நாளையிலிருந்து டிராயிங்குகள் நேராக ஷாப்புக்குப் போகும். பாமா ஒன்றாம் தேதியிலிருந்து டாக்குமெண்ட் கண்ட்ரோலுக்கு மாறவேண்டும், அதாவது ஃபைல்களுக்கு நம்பர் போடும் அறை. சம்பளம் குறையாது, டென்ஷனும் இல்லை. அவளுக்கு நல்லது செய்வதாகவே அவர் நம்பினார் என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "சரி சார்" என்றாள். மேஜைக்கு வந்து லீவு விண்ணப்பம் எழுதினாள், நாளை மறுநாள் புதன்கிழமை ஒருநாள், காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை'. மூசாப்பேட்டைக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் வெயிலென்று நினைத்திருப்பார்கள்.

புதன்கிழமை காலையில் ராமசுவாமி அவள் நைட்டியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏளா, நெசமாவே லீவா? ஒடம்புக்கு என்ன?" என்றான். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய மகள் தாரிணி, "ஏமைந்தம்மா?" என்று, என்ன ஆச்சு என்பதைத் தெலுங்கில் கேட்டு நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒண்ணுமில்ல போங்க என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டாள். பத்து மணிக்குள் வீட்டு வேலை தீர்ந்தது. டிவியைப் போட்டாள். ஏதோ ஒரு தொடரில் கதாநாயகியின் வீட்டுக் கதவு ஒரு காட்சியில் வலப்பக்கம் திறந்தது, அடுத்த காட்சியில் இடப்பக்கம் திறந்தது. கை தானாகச் சிவப்பு பென்சிலைத் தேடியது. ஃபைலுக்கு நம்பர் போடும் அறையில் இந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போதுதான் அவளுக்கு நிஜமாகப் பயம் வந்தது. வேலை போனால்கூட இன்னொன்று தேடலாம். இது வேலை போகாமலே தான் மட்டும் போவது.

பதினொன்றரைக்கு செல்போன் அடித்தது. உமாசங்கர்.

"பாமா, வீட்லதானே இருக்கீங்க? ஷாப்ல ஒரு சின்ன பிரச்சினை. அமெரிக்கா ஆர்டர் கேசிங் லேத்துல ஏத்தியாச்சு. கஸ்டமர் ரெண்டு பேர் முதல் கட்டிங்கைப் பார்க்க வந்திருக்காங்க. எம்.டி.யும் நிக்கறார். இந்தப் பெருமாள் மெஷினை ஆன் பண்ண மாட்டேங்கறார்."

"ஏன் சார்?"

பின்னால் எங்கோ கிரேன் ஓடும் ஓசை கேட்டது.

"நீங்க இன்னும் பாக்கலயாம்" என்றார் உமாசங்கர்.

பாமா டிவியை அணைத்தாள். சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வருவது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது. குரலில் அதைக் காட்டக் கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டாள். "சார், நான் இன்னைக்கு லீவு" என்றாள்.

"தெரியும், தெரியும். என் கார் கிளம்பிடுச்சு."

அந்தக் காரில் அவள் இதுவரை ஏறியதில்லை. கார் வந்து வாசலில் நின்றபிறகும் அவள் அவசரப்படவில்லை. இஸ்திரி போட்ட நீலப் புடவையை எடுத்து, மடிப்புகளை எண்ணி வைத்துக் கட்டினாள். டிரைவர் இரண்டு முறை ஹார்ன் அடித்தான். மூன்றாவது முறை அடிக்குமுன் இறங்கிவந்தாள்.

ஷாப்பில் எல்லா மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் இருந்த பெரிய லேத் மட்டும் நின்றிருந்தது. அதன் வட்டமான மேடைமேல் பம்பின் வெளிக்கூடான கேசிங், ஆள் உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில், சுற்றிலும் பிடிபோட்டு இறுக்கியபடி உட்கார்ந்திருந்தது. எதிரே மஞ்சள் ஹெல்மெட் போட்ட இரண்டு வெள்ளைக்காரர்கள். எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். ஷ்யாம் தூணோரம் வியர்த்து நின்றான். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, பெருமாள். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர், தமிழில் ஹைதராபாத் உருதுவைக் கலந்து பேசுவார். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஓய்வுபெற மூன்று வருஷம் இருக்கிறது. பாமாவுக்கும் அவருக்கும் கேட்டில் பார்த்தால் தலையாட்டும் பழக்கம், அதற்கு மேல் கிடையாது. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். எம்.டி. வந்தபோது எழுந்தாரோ என்னவோ.

"வாங்க மேடம். கைக்கு டென்ஷன், எதுக்கு அவசரம், மேடம் வந்து பாக்கட்டும், அப்றம் ஓட்டலாம்னு இவங்ககிட்ட சொல்லிக்கினே கீறேன்."

"டிராயிங் ரிலீஸ் ஆயிடுச்சே பெருமாள்" என்றாள் பாமா. "இனிமே நான் பாக்கத் தேவையில்லைன்னு சொல்லிட்டாங்க."

"யாருக்குத் தேவையில்ல?" பெருமாள் தன் டூல் அலமாரியைத் திறந்தார். கீழ்த் தட்டில் சாவிகளும் ஸ்பேனர்களும். மேல்தட்டு முழுக்க மடித்து அடுக்கிய தாள்கள். ஒன்றை உருவி விரித்தார். மஞ்சள் தீற்றிய எண்கள், ஓரத்தில் அவள் கையெழுத்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. "தொண்ணூத்தி மூணுல ஒரு கேசிங் வேஸ்ட்டாப் போச்சு மேடம். அவசரம்னு உங்க டேபிளுக்கு வராமலே வந்த டிராயிங். அதுல ஒரு அளவு தப்பு. எனக்குப் பதினஞ்சு நாள் சஸ்பென்ஷன். அன்னிலேர்ந்து ரெக்கார்டு ரூம்லேர்ந்து உங்க மஞ்சத்தாள வாங்கிப் பாக்காம நான் பட்டன்ல கை வெக்கறது நக்கோ, கிடையாது. நான் மட்டும் இல்ல. ஹவ், ஆமா, இந்த லைன்ல யாரும் வெக்கறதில்ல. நேத்து இந்தக் கடைசல் டிராயிங்குக்குக் கேட்டா, மஞ்சத்தாளே இல்லன்னாங்க."

பக்கத்து மெஷின்காரர்கள் இருவர் வேலையை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்கள். பன்னிரண்டு வருஷம். தான் மேலே ஜன்னலோரம் தனியாகக் கிடந்து மாய்ந்ததாக நினைத்த ஒவ்வொரு நாளும் இந்த மனுஷர்கள் கீழே அவள் தாளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். யாரும் அதை மேடைபோட்டுச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. பாமாவுக்குக் கண் கலங்கியது. கலங்கினால் எண்கள் தெரியாது என்பதால் உடனே சரிசெய்துகொண்டாள்.

கைப்பையிலிருந்து பென்சில்களை எடுத்தாள். தாளை விரிக்குமுன் உமாசங்கரிடம் திரும்பினாள். தன் குரல் எம்.டி.க்கும் கேட்கட்டும் என்றே கொஞ்சம் உரக்கக் கேட்டாள். "சார், நான் இப்ப செக்கிங்ல இருக்கேனா, டாக்குமெண்ட் கண்ட்ரோல்ல இருக்கேனா? தெரிஞ்சாதான் கையெழுத்துப் போட முடியும்."

உமாசங்கர் எம்.டி.யைப் பார்த்தார். எம்.டி. நின்றுகிடந்த லேத்தைப் பார்த்தார்.

"செக்கிங்தான் பாமா" என்றார் உமாசங்கர். "செக்கிங்லதான்."

ஒன்றரை மணி நேரம் ஆனது. வெள்ளைக்காரர்களுக்கு நாற்காலி வந்தது, டீ வந்தது. பாமா இரும்பு மேஜைமேல் தாளைப் பரப்பி, கால்குலேட்டரைத் தட்டி, ஒவ்வொரு எண்ணாகப் போனாள். முதலில் மூலையில் இருந்த அந்தக் குறி. ஷ்யாம் இம்முறை அதைக் கட்டைவிரல் அளவுக்குப் பெரிதாகப் போட்டிருந்தான். அவன் மெல்லப் பக்கத்தில் வந்து, "மேடம், அன்னிக்கு நான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும்…" என்று ஆரம்பித்தான். "பேசாத, எண்ணிக்கை விட்டுப்போகும்" என்றாள். அவன் போகாமல் நின்று, அவள் தீற்றத் தீற்ற அடுத்த எண்ணை விரலால் காட்டிக்கொண்டு வந்தான். விட்டம், ஆழம், போல்ட் துளைகள் இருபத்துநாலு. மேலிருந்து கீழ்வரை மஞ்சள் பரவிக்கொண்டே வந்தது. சிவப்பு பென்சிலுக்கு வேலையே வரவில்லை. நன்றாகப் போட்டிருந்தான் பையன். அவளுக்கு அதிலும் பெருமையாகத்தான் இருந்தது.

"சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தாள்.

எம்.டி. உமாசங்கரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். "தவறு ஒன்றும் இல்லையென்றால் இந்த மெஷின் எதற்காகக் காலையிலிருந்து நின்றது?"

அந்த அளவு ஆங்கிலம் பெருமாளுக்குத் தெரியும். உமாசங்கர் வாய் திறக்குமுன் அவரே உருதுவில் பதில் சொன்னார். "தப்பு இல்லன்னு இப்பத்தானே சாஹிப் தெரிஞ்சுது."

எம்.டி. சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மேஜையருகே வந்து அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணெய்க்கறை ஒட்டாமல் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளிடம் தெலுங்கில், "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டார்.

பதினைந்து வருஷம் அவர் கம்பெனியில் இருந்தவள் சொன்னாள்: "பாமா. செக்கர்."

பெருமாள் மஞ்சள் தாளை வாங்கி மெஷின்மேல் காந்தம் வைத்து ஒட்டினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். உமாசங்கர் "ம், ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பெருமாள் அசையவில்லை. எம்.டி. தலையாட்டினார். பெருமாள் அப்போதும் பாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுங்க பெருமாள்" என்றாள்.

நாலு டன் எஃகு மெதுவாக நகர்ந்தது, பிறகு சுற்றத் தொடங்கியது. காலடியில் தரை லேசாக அதிர்ந்தது. உளி இறங்கித் தொட்டதும் சாம்பல் தோல் கிழிந்து, உள்ளே வெள்ளையாகப் பளபளத்தது. முதல் சுருள் சூட்டில் நீலம் பாரித்து, நீண்டு, நெளிந்து கீழே விழுந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாமா, தெறிக்கும்" என்றார் உமாசங்கர். அவள் புடவைக் கொசுவத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். அடுத்த சுருள் வந்துகொண்டிருந்தது.